மேலே சுட்ட இரண்டு ரவுண்டு

"வானத்தைப் பார்த்துச் சுட்டா, அந்தக் குண்டு யார் மேலயாவது படுமா, மேடம்?"

வகுப்பு முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். கேட்டவர் தலைமைக் காவலர் தில்லைநாயகம். வயது ஐம்பத்தொன்று. ஆயுதப்படையில் இருபத்தாறு வருடம். பதவி உயர்வுக்கு முந்தைய இரண்டு வாரப் பயிற்சிக்கு வந்திருந்தார்.

பாடம் எடுத்தவர் அமலோற்பவம். வயது முப்பத்தாறு. காவலர் பயிற்சிப் பள்ளியில் துப்பாக்கியையும் குண்டையும் பற்றிச் சொல்லிக்கொடுப்பவர். ஒல்லியான உடம்பு. ஆனாலும் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைக் 'குண்டு மேடம்' என்றுதான் சொன்னார்கள். அது அவருக்கும் தெரியும்.

அவர் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"எத்தனை ரவுண்டு சுட்டீங்க, ஏட்டய்யா?"

"நான் பொதுவாத்தான் கேட்டேன்."

"பொதுவா எத்தனை?"

தில்லைநாயகம் தொப்பியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"ரெண்டு," என்றார்.

ஒரு மாதத்துக்கு முன்பு மணலோடையில் தேரோட்டம். தேர் எந்தத் தெரு வழியாக வருவது என்று தகராறு. கல்லெறி. இன்ஸ்பெக்டர், "வானத்தைப் பார்த்து ரெண்டு விடுய்யா," என்றார். தில்லைநாயகம் தன் த்ரீ நாட் த்ரீ ரைஃபிளைத் தூக்கி இரண்டு ரவுண்டு சுட்டார். கூட்டம் கலைந்தது. ஒருவருக்கும் காயமில்லை. மறுநாள் அவருக்கு நற்சான்று கொடுத்தார்கள்.

அதே நாள், ஏரிக்கு அந்தப் பக்கம் ஈச்சங்காடு என்ற ஊரில், வாசலில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த பூங்காவனம் என்ற பெண்ணின் இடது தோளில் ஒரு குண்டு பாய்ந்தது. எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் காட்டுப்பன்றி விரட்ட லைசென்ஸ் இல்லாத நாட்டுத்துப்பாக்கி வைத்திருந்த பொன்னுரங்கத்தைப் பிடித்து உள்ளே வைத்தார்கள்.

இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. தில்லைநாயகமும் பார்க்கவில்லை.

போன வாரம் பொன்னுரங்கத்தைக் கிளைச் சிறையிலிருந்து கோர்ட்டுக்குக் கூட்டிப்போகும் வழிக்காவல் அவருக்கு விழுந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொன்னுரங்கம் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"என் துப்பாக்கியில ஈய உருண்டைதாங்க போட்டுச் சுடுவேன். அந்தப் பொண்ணோட எக்ஸ்ரேல ஏதோ நீளமா இருக்காம். கேட்க ஆளில்ல."

அன்றிலிருந்து தில்லைநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை.

இதையெல்லாம் அவர் மேடத்திடம் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. 'படாது' என்ற வார்த்தை.

அமலோற்பவம் டஸ்டரை வைத்தார். மேஜை டிராயரைத் திறந்து, மருந்து இல்லாத இரண்டு குண்டு முனைகளை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தார். ஓர் அடி ஸ்கேலை அவர் கையில் கொடுத்தார்.

"ஒண்ணை இந்த ஸ்கேலால தட்டி விடுங்க. அது தூரமாப் போகட்டும். அதே நேரம் இன்னொண்ணை ஓரத்துல இருந்து சும்மா தள்ளி விடுங்க. கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க."

தில்லைநாயகம் செய்தார்.

"என்ன கேட்டுச்சு?"

"டக்குன்னு ஒரு சத்தம்."

"ரெண்டு குண்டாச்சே."

அவர் பொறுக்கி எடுத்து மறுபடியும் செய்தார். மறுபடியும் ஒரே சத்தம். ஸ்கேலை ஓங்கித் தட்டினார். ஒன்று கதவு வரை ஓடியது. மற்றது காலடியில் கிடந்தது. ஆனால் தரையைத் தொட்ட சத்தம் ஒன்றுதான்.

பதினோரு தடவை செய்தார். டீ வேளை முடிந்து மற்றவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

மறுநாள் அவரே முதலில் வந்து நின்றார்.

"சுட்ட குண்டும் நழுவின குண்டும் ஒண்ணா விழுதுன்னா, ரைஃபிளை விட்டு வெளிய வந்ததுமே குண்டு விழ ஆரம்பிச்சிருது. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"அப்ப நூறு கஜத்துல நான் வட்டத்துக்கு நடுவுல அடிக்கிறேனே. நேராத்தானே போகுது?"

"நீங்க பார்க்கிறது நேரா இருக்கு. பேரல் கொஞ்சம் மேலே பார்த்துக்கிட்டு இருக்கு. விழப்போறது தெரிஞ்சு, விழற அளவுக்கு அதைத் தூக்கி வச்சிருக்காங்க. குறி பார்க்கிற சைட்டை அமைச்சவன் அந்தக் கணக்கைப் போட்டுட்டான். நீங்க போட வேண்டியதில்ல."



"இருபத்தாறு வருஷமா நேராச் சுடறேன்னு நினைச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க."

"சரி மேடம். அது எதிர்ல சுடறது. நான் கேட்டது மேலே."

அமலோற்பவம் மைதானத்துக்கு நடந்தார். வேப்பங்கன்றுகளுக்குத் தண்ணீர் விடும் பச்சை ஹோஸ் குழாயடியில் கிடந்தது. அதை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"மேலே அடிங்க."

நேராக மேலே பிடித்தார். தண்ணீர் எழுந்து, நின்று, அவர் தலைமேலேயே கொட்டியது. காக்கிச் சட்டை நனைந்தது. தூரத்தில் அணிவகுப்புப் பழகிய சிலர் சிரித்தார்கள்.

"கொஞ்சம் சாய்ங்க."

சாய்த்தார். தண்ணீர் நாலு கன்று தாண்டி விழுந்தது.

"இன்னும்."

ஏழு கன்று தாண்டியது. கடைசிக் கன்றின் தளிர் அடி பட்டுத் தலை சாய்ந்து நிமிர்ந்தது. இன்னும் சாய்த்தபோது தண்ணீர் திரும்பக் கிட்டத்தில் வந்தது.

"காத்து இல்லாட்டி பாதி சாய்வுலதான் ரொம்ப தூரம் போகும். குண்டுக்குக் காத்து தடுக்கும். அதனால பாதிக்கும் கொஞ்சம் கம்மி. மேலே ஏறும்போது சரிவா ஏறும். வேகம் செத்த பிறகு செங்குத்தா இறங்கும்."

"நான் நேரா மேலேதான் பிடிச்சேன்," என்றார் தில்லைநாயகம். சொன்ன பிறகுதான் அது பொதுக்கேள்வி இல்லாமல் போனதைக் கவனித்தார்.

மேடம் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பயிற்சிக்கான சுடாத ரைஃபிள் ஒன்றை வரவழைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கும் பாகைமானி ஒன்றில் நூல் கட்டி, நூலின் நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டார்.

"அன்னைக்கு எப்படி நின்னீங்களோ அப்படி நில்லுங்க. யோசிக்காம."

தில்லைநாயகம் ரைஃபிள் கட்டையைத் தோளில் வைத்தார். தூக்கினார். கழுத்து ஓர் அளவுக்கு மேல் வளையவில்லை. முழங்கை தானாக ஓர் இடத்தில் நின்றது.

அமலோற்பவம் பாகைமானியை பேரலோடு ஒட்டிப் பிடித்தார். நட்டு ஆடி நின்றது.

"தரையில இருந்து முப்பத்தெட்டு பாகை. நேரா மேலேன்னா தொண்ணூறு."

"நேரா மேலே இருக்கிற மாதிரி இருக்கே."

"தோள்ல வச்சுச் சுடறவங்க எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்."

அவர் ரைஃபிளை இறக்கவில்லை.

"எவ்வளவு தூரம் போகும்?"

"த்ரீ நாட் த்ரீயா?"

"ஆமா."

"மூணு கிலோமீட்டருக்கு மேலே."

அவர் ரைஃபிளை இறக்கித் தரையில் ஊன்றினார்.

"ஈச்சங்காடு எட்டு கிலோமீட்டர் மேடம். நான் பைக்ல போயிருக்கேன். மீட்டர்ல பார்த்திருக்கேன்."

முதல் தடவையாக அந்த ஊரின் பெயரைச் சொன்னார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். தேர், கல்லெறி, நற்சான்று, தையல்காரப் பெண், பஸ்ஸில் பொன்னுரங்கம். ஹோஸிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அமலோற்பவம் போய்க் குழாயை மூடிவிட்டு வந்தார்.

"ரோடு ஏரியைச் சுத்திப் போகுது, ஏட்டய்யா. குண்டு ரோடு வழியாப் போகலை."

மூன்றாம் நாள் தில்லைநாயகம் வகுப்புக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். நான்காம் நாள் வந்தார். கண்கள் சிவந்திருந்தன. கையில் மணலோடை வட்டாரத்தின் வரைபடம்.

"அளந்துட்டேன்," என்றார். "தேர்முட்டியில இருந்து ஈச்சங்காடு, நேரா மூணே கால். நான் தண்ணித்தொட்டிக்கு மேலே பார்த்துச் சுட்டேன். தண்ணித்தொட்டி நடுவுல இருக்கு. ஒரே கோடு."

அமலோற்பவம் வரைபடத்தைப் பார்த்தார்.

"ஆனா அவ்வளவு தூரம் போய், வேகம் செத்து விழற குண்டு தோள்ல பாயுமா?"

"புறப்பட்ட வேகம் இருக்காது. மிச்சம் இருக்கிறது தோலுக்குப் போதும்."

"பொன்னுரங்கம் துப்பாக்கியா இருக்கவே முடியாதா?"

அமலோற்பவம் டிராயரிலிருந்து ஓர் ஈய உருண்டையையும் ஒரு த்ரீ நாட் த்ரீ முனையையும் எடுத்து மேஜையில் உருட்டினார். உருண்டை நேராக ஓடி மேஜை விளிம்பிலிருந்து கீழே விழுந்தது. முனை தன்னைத் தானே சுற்றி ஒரு வளைவு போட்டு, பக்கவாட்டில் படுத்தது.

"எக்ஸ்ரேல எது மாதிரி இருக்குன்னு சொன்னாங்க?"

"நீளமா."

படுத்துக் கிடந்த முனையைத் தில்லைநாயகம் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அதன் உடம்பில் சாய்ந்த கீறல்கள் இருந்தன.

"இது என்ன மேடம்?"

"பேரலுக்குள்ள திருகுக் கோடு வெட்டியிருக்கும். குண்டு சுத்திக்கிட்டே போறதுக்காக. சுத்தாட்டி அது காத்துல குப்புறக் கவுந்திரும். உள்ள உரசி வரும்போது விழுற கீறல் இது. ஒரு ரைஃபிளோட கீறல் இன்னொண்ணுல வராது."

"அப்ப அந்தப் பொண்ணு தோள்ல இருக்கிறதை எடுத்தா, என் ரைஃபிளான்னு சொல்லிரலாம்."

"சொல்லிரலாம்."

"டாக்டருங்க எடுக்க வேண்டாம்னுட்டாங்களாம். எலும்புக்குப் பக்கத்துல இருக்காம். கேஸுக்கு அவசியம்னு யாராவது சொன்னாத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்களாம்." அவர் நிறுத்தினார். "யாரும் சொல்லாட்டி அது அங்கேயே இருந்துரும்."

அமலோற்பவம் உருண்டையைத் தரையிலிருந்து எடுத்து டிராயரில் போட்டார்.

"சுட்டதும் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"எப்ப?"

"ரெண்டாவது ரவுண்டு சுட்டதும்."

தில்லைநாயகம் யோசித்தார்.

"ரைஃபிளை இறக்கினேன். கூட்டம் ஓடுச்சு. யாரும் விழலைன்னு ஒரு தடவை சுத்திப் பார்த்தேன். பூக்கடைக்காரர் ஒருத்தர் சொம்புல தண்ணி கொடுத்தார். குடிச்சேன். நல்லா இருந்துச்சு."

"எவ்வளவு நேரம் இருக்கும்?"

"இருபது, இருபத்தஞ்சு செகண்ட்."

"மூணே கால் கிலோமீட்டர் போய் விழ அரை நிமிஷத்துக்கு மேல ஆகும், ஏட்டய்யா. நீங்க தண்ணி குடிக்கும்போது குண்டு இன்னும் மேலேதான் இருந்துச்சு."



தில்லைநாயகம் நாற்காலியில் உட்கார்ந்தார். அதுவரை அவர் அந்த அறையில் மேடத்துக்கு முன்னால் உட்கார்ந்ததில்லை.

"கூட்டத்துல சுடும்போது தலைக்கு மேலே சுடக் கூடாதுன்னு எங்களுக்குச் சேர்ந்த புதுசுலயே சொல்லிக்கொடுத்தாங்க," என்றார். "தெரியும். ஆனா கீழே சுட்டா யாராவது விழுவாங்க. மேலே சுட்டா..."

"விழ மாட்டாங்களா?"

"என் கண்ணு முன்னால விழ மாட்டாங்க."

சொன்னவர் அப்படியே நிறுத்தினார். தன் வாயிலிருந்து வந்ததை யாரோ சொன்னதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் இப்ப என்ன செய்யணும், மேடம்?" என்றார்.

"நான் குண்டைப் பத்தித்தான் பாடம் எடுக்கிறேன்," என்றார் அமலோற்பவம். கொஞ்சம் தயங்கிவிட்டு, ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு, டீ குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே போனார்.

அவர் திரும்பி வந்தபோது தாளில் முன்னும் பின்னும் எழுதியிருந்தது. கையெழுத்தும் போட்டிருந்தது.

மணலோடை இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"யாருய்யா கேட்டா உன்னை?"

"யாரும் கேட்கலை சார்."

"ப்ரமோஷன் கையில வந்து நிக்குது. நற்சான்று வாங்கியிருக்க. ஆர்டர் போட்டவன் நான். என்னையும் சேர்த்து இழுத்துட்டுப் போற."

"ஆமா சார். அதையும் எழுதியிருக்கேன்."

"அந்தாளு லைசென்ஸ் இல்லாமத் துப்பாக்கி வச்சிருந்தான். அது பொய்யா?"

"அது நிஜம் சார். அதுக்கு உள்ள தண்டனையை அவர் வாங்கிக்கட்டும். என்னுதை நான் வாங்கிக்கறேன்."

இன்ஸ்பெக்டர் தாளைக் கையில் எடுத்தார். கிழித்துப் போடுவார் என்றுதான் தில்லைநாயகம் நினைத்தார். அவர் அதை மடித்து உறையில் போட்டு, டி.எஸ்.பி. அலுவலகத்துக்கு என்று மேலே எழுதினார். "கிளம்பு," என்றார்.

பிறகு காரியங்கள் மெதுவாகத்தான் நடந்தன. பூங்காவனத்தைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். குண்டை எடுத்தார்கள். கீறல்களைப் பார்த்தார்கள். தில்லைநாயகத்தின் ரைஃபிள்தான்.

பொன்னுரங்கம் வெளியே வந்தார். லைசென்ஸ் வழக்கு மட்டும் மிச்சம். கிளைச் சிறை வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார். சற்றுத் தள்ளி, சீருடை இல்லாமல் தில்லைநாயகமும் நின்றிருந்தார். பொன்னுரங்கம் அவரிடம் வந்தார். என்ன சொல்வதென்று தெரியாமல், "பன்னி என் கடலையை எல்லாம் தின்னுட்டுப் போயிருக்கும்," என்றார். பிறகு அவர் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டு மனைவியோடு போனார்.

தில்லைநாயகத்தின் பதவி உயர்வு நின்றது. விசாரணை போட்டார்கள். ரைஃபிள் தொடாத வேலைக்கு மாற்றினார்கள். அவருக்குச் சோறு இறங்கியது.

ஒரு நாள் பயிற்சிப் பள்ளிக்குப் போய் அமலோற்பவத்தைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணைப் போய்ப் பார்க்கணும் மேடம். மூணு தடவை கிளம்பிட்டுத் திரும்பிட்டேன். என்ன சொல்றதுன்னு தெரியலை."

"எனக்கும் தெரியாது."

"நீங்க எதையாவது சொல்வீங்கன்னு வந்தேன்."

"சொல்றதுக்கு எதுவும் இல்லாமப் போங்க."

அவர் மணலோடையிலிருந்து ஈச்சங்காட்டுக்கு எட்டு கிலோமீட்டர் பைக்கில் போனார்.

காலை பத்து மணி வெயில். பூங்காவனம் வாசலில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். இடது கையை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் பள்ளிக்கூடச் சீருடைத் துணி குவியலாகக் கிடந்தது.

"நான் தில்லைநாயகம்," என்றார்.

பூங்காவனம் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நீங்கதானா."

"நான்தாம்மா."

"ரெண்டு சுட்டீங்களாமே. இன்னொண்ணு எங்க விழுந்துச்சு?"

"தெரியலைம்மா. இந்த ஊர்ப் பக்கம்தான் எங்கேயாவது விழுந்திருக்கும். வர்ற வழியில வயலைப் பார்த்துக்கிட்டே வந்தேன்."

பூங்காவனம் தூரத்து வயல்களைப் பார்த்தார். அங்கே நாலைந்து பேர் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தக் கை பாதிதான் தூக்க வருது," என்றார். "தினமும் வேலை செஞ்சா முழுசா வரும்னு டாக்டர் சொல்றார். வலது கையால துணியைத் தள்ளினா, இந்தக் கைக்குப் பிடிக்கத் தெம்பில்ல. தையல் கோணிக்குது. பள்ளிக்கூடம் திறக்க ஒன்பது நாள் இருக்கு."

தில்லைநாயகம் நின்றுகொண்டே இருந்தார். வழியெல்லாம் சேர்த்து வைத்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. கண்ணில் நீர் மட்டும் வந்தது. அதைத் துடைக்கக் கையை எடுத்தவர், எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் அந்தரத்தில் வைத்திருந்தார்.

பூங்காவனம் காலால் ஒரு முக்காலியை மெஷினுக்கு அந்தப் பக்கம் தள்ளினார்.

அவர் உட்கார்ந்தார்.

பூங்காவனம் ஒரு நீலத் துணியை ஊசிக்குக் கீழே வைத்து, அதன் மறுமுனையை அவரிடம் நீட்டினார். தில்லைநாயகம் அதை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

மெஷின் ஓட ஆரம்பித்தது. ஓர் அங்குலம் போய் நின்றது.

"இழுக்காதீங்க," என்றார் பூங்காவனம். "சும்மா தாங்கிக்கிட்டா போதும்."